குதிரைக் குளம்புக்குள் ஒரு கஜானா! பழைய சீன வெள்ளிக்கட்டிகள் பற்றித் தெரியுமா?

ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்குள் கிட்டத்தட்ட 1 கிலோ 870 கிராம் வெள்ளியை அடக்கிவிட முடியுமா? முடியும்! அடக்கிக் காட்டியிருக்கிறார்கள் சீனத்துக் கொல்லர்கள். அதுதான் 50 லியாங் வெள்ளிக்கட்டி. லியாங் என்பது சீனத்து எடை அளவு. பவுன் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 233 பவுன் எடை! பார்க்கச் சின்னது. தூக்கினால் மணிக்கட்டு இறங்கும்!

இந்தக் கட்டிக்குப் பெயர் என்ன தெரியுமா? ஊருக்கு ஒரு பெயர்! சீனாவில் ‘யுவான்பாவ்’ என்றார்கள். வடிவத்தைப் பார்த்து ‘குதிரைக் குளம்பு வெள்ளி’ என்றும் சொன்னார்கள். திபெத்திலும் குளம்புதான். வியாபாரத்துக்கு வந்த ஆங்கிலேயர் கண்ணுக்கு அதுவே செருப்பு! மங்கோலியர் காலத்தில் பாரசீகர்கள் சீன வெள்ளிக்கட்டியை ‘பாலிஷ்’ என்று அழைத்தார்கள். அதற்கு என்ன பொருள்? தலையணை! துருக்கி மொழி பேசியவர்களும் ‘தலையணை’ என்ற பொருள் தரும் சொல்லையே வைத்தார்கள். ஒரே வெள்ளி ஒருவருக்குக் குளம்பு, ஒருவருக்குச் செருப்பு, ஒருவருக்குத் தலையணை!

உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் புழங்கும் பெயர் ‘சைசி’. அது கான்டன் வட்டாரச் சொல். பொருள்: மெல்லிய பட்டு! வெள்ளிக்கும் பட்டுக்கும் என்ன சம்பந்தம்? சுத்தமான வெள்ளியைப் பட்டு நூலைப் போல இழுக்கலாம் என்கிறார்கள் சிலர். உருக்கி ஊற்றிய வெள்ளி ஆறும்போது மேலே பட்டிழை போல வரிகள் ஓடும், அதனால் வந்த பெயர் என்கிறார்கள் வேறு சிலர்.

அந்த வரிகளைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பழைய 50 லியாங் கட்டியை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். குளத்தில் கல் போட்டால் அலை விரியுமே, அதே வளையங்கள்! நடுவிலிருந்து ஓரம் வரை, ஒன்றுக்குள் ஒன்றாக, நூறு இருநூறு வருடங்களுக்கு முன்னால் எங்கோ ஓர் உலைக்களத்தில் உறைந்து நின்ற அலை! இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விளிம்பு எழும்பி நிற்கும். நடுப்பள்ளத்தில் அச்சு எழுத்துகள். எந்த அரசர் ஆட்சி, எத்தனையாவது வருடம், எந்த ஊர், எந்தக் கொல்லர்... எல்லாம் இருக்கும்!

இப்போது அதைக் கவிழ்த்துப் பாருங்கள். தேன்கூடு! அடிப்பக்கம் முழுக்கப் பொத்தல் பொத்தலாக இருக்கும். ஏன் தெரியுமா? உருகிய வெள்ளி காற்றிலிருக்கும் ஆக்சிஜனைத் தன் கன அளவைப் போலச் சுமார் 20 மடங்கு குடித்துவிடும்! உறையும்போது குடித்ததை எல்லாம் கக்கும். அப்படிக் கக்கிய இடமெல்லாம் குழி! அதிலும் ஒரு விசேஷம். நல்ல கட்டியின் குழி வாய் சிறுத்து, வயிறு பெருத்து, பானை போல இருக்கும். கள்ளக் கட்டி செய்கிறவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. மேலே அலையை வார்த்துவிடுவார்கள், எழுத்தை அடித்துவிடுவார்கள், ஆனால் இந்தப் பானைக் குழி மட்டும் சுலபத்தில் வருவதில்லை! தேர்ந்த சேகரிப்பாளர் கையில் ஒரு கட்டியைக் கொடுங்கள். முகத்தைப் பார்க்கும் முன்பே திருப்பி அடியைப் பார்ப்பார்!

இன்னொரு சூட்சுமமும் உண்டு. சீனக் கடைகளில், நாட்காட்டிகளில், குபேர பொம்மையின் கையில் யுவான்பாவ் படம் பார்த்திருப்பீர்கள். படகு போல இருக்கும். நடுவில் உருண்டையாக ஒரு மேடு புடைத்து நிற்கும். அந்த மேடு பழைய வெள்ளிக்கட்டிகளில் இருந்ததா? பெரும்பாலும் இல்லவே இல்லை! அது படம் வரைந்தவர்கள் வளர்த்துவிட்ட மேடு! அசல் கட்டிகளில் நடுவில் பள்ளமோ சமதளமோதான். ‘அரண்மனைக் காலத்துச் சரக்கு’ என்று யாராவது புடைத்த கட்டியை நீட்டினால் பர்ஸைத் திறக்க அவசரப்படாதீர்கள்!

சரி, இவற்றை வார்த்தது அரசாங்க நாணயச்சாலை என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை! சிங் வம்சம் 1644 முதல் 1912 வரை ஆண்டது. அந்தக் காலத்தில் செப்புக்காசு அடிப்பதுதான் அரசு வேலை. வெள்ளி வார்ப்பது ஊர் ஊராகத் தனியார் உலைகளின் வேலை! ஒரு பேரரசே வரியை வெள்ளியில் வாங்கியது, ஆனால் அந்த வெள்ளியை வார்த்தது தெருமுனைக் கொல்லர்! அப்படியானால் தரத்துக்கு யார் ஜவாப்தாரி? கட்டியில் பெயர் அடித்திருக்கிறாரே, அவரேதான். மாற்று குறைந்தால் பெயரைப் படித்துக்கொண்டு நேராக உலைக்கே வந்துவிடுவார்கள்!

அதனால்தான் இந்தக் கட்டிகளைக் கண்டால் எனக்கு அப்படி ஓர் ஆசை. தங்கக் காசில் அரசர் தலை இருக்கும். இதில் யாருக்கும் தெரியாத ஒரு கொல்லரின் பெயர் இருக்கிறது!

உள்ளூர் உலைக்கு உள்ளூர் வடிவமும் உண்டு. யுன்னான் மாகாணத்துக் கட்டி, பொதி சுமக்கும் குதிரையின் சேணம் போல இருக்கும்! ஷான்ஷி பக்கம் வந்தால் தொட்டி வடிவம். சிச்சுவானில் உருண்டையாக, உள்ளங்கையில் அடங்கும் 10 லியாங் கட்டி. அதிலும் சின்னதாக, ஒரு லியாங்குக்கும் குறைந்த வெள்ளித் துளிகளும் இருந்தன. இன்னும் பின்னால் போனால், 1970ல் சிஆன் நகருக்குத் தெற்கே கிடைத்த தாங் காலப் புதையலில் வரியாகக் கட்டிய வெள்ளி எந்த வடிவத்தில் இருந்தது தெரியுமா? நம் வீட்டு அடை மாதிரி! வட்டத் தகடு!

ஊருக்கு ஒரு வடிவம் மட்டுமா? ஊருக்கு ஒரு எடையும்தான்! கருவூலத்து லியாங் சுமார் 37.3 கிராம். சுங்கத்துறை லியாங் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஷாங்காய் லியாங் கொஞ்சம் குறைவு. ஒரே நகரத்துக்குள் அரிசிக் கடைக்கு ஒன்று, எண்ணெய்க் கடைக்கு ஒன்று என்று பல லியாங்குகள் நடமாடியதும் உண்டு! தலை சுற்றுகிறதா? இன்னும் இருக்கிறது.

வேற்றூர்க் கட்டி ஒன்று ஷாங்காய்க்கு வந்தால் நேராகப் பொது மதிப்பீட்டுச் சாலைக்குப் போகும். அங்கே நோட்டக்காரர் உட்கார்ந்திருப்பார். நம் சங்க காலத்தில் நாணய நோட்டம் பார்த்தவரை வண்ணக்கன் என்பார்களே, அதே வேலை! அவர் கட்டியைப் பார்த்து, நிறுத்து, தூரிகையை மையில் தோய்த்து எடையையும் தரத்தையும் வெள்ளியின் மேலேயே எழுதிவிடுவார்! அந்த மை எழுத்து அழியாமல் இன்றும் மிஞ்சியிருக்கும் கட்டி கிடைத்தால் சேகரிப்பாளருக்கு அன்றைக்குத் தீபாவளி!

அவர் எழுதும் கணக்கைக் கேளுங்கள். கட்டியின் எடை 50 லியாங். வெள்ளி நல்ல சுத்தம். அதற்காக 2.7 லியாங் கூடுதல் மதிப்பு. ஆக மொத்தம் 52.7. இதை 0.98ஆல் வகுக்க வேண்டும், அது ஷாங்காய் வழக்கம். விடை? 53.78 லியாங்! தராசில் 50 காட்டும் கட்டி, கணக்குப் புத்தகத்தில் 53.78! இதில் உச்சம் என்ன தெரியுமா? அந்த ‘ஷாங்காய் லியாங்’ என்கிற காசை யாரும் கண்ணால் பார்த்ததே கிடையாது. அப்படி ஒரு நாணயம் இல்லவே இல்லை! பேரேட்டில் மட்டுமே வாழ்ந்த பணம்! அந்தப் பணத்தில்தான் உலகத்தின் பெரிய வங்கிகள் எல்லாம் ஷாங்காயில் வரவு செலவு எழுதின!

இப்போது நம் வீட்டுச் செய்திக்கு வருவோமா? சீன எடைகளைக் குறிக்க ஐரோப்பிய வியாபாரிகள் நாலு சொல் வைத்திருந்தார்கள். லியாங்குக்கு ‘டேல்’. அதில் பத்தில் ஒரு பங்கு ‘மேஸ்’. நூறில் ஒரு பங்கு ‘கேண்டரீன்’. ஆயிரத்தில் ஒரு பங்கு ‘கேஷ்’. நடுவில் ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசுக்கும் அவர்கள் வைத்த பெயர் ‘கேஷ்’தான். அந்தச் சொல் எங்கிருந்து போனது? தமிழிலிருந்து! நம் ‘காசு’ போர்த்துகீசியர் வாயில் புகுந்து, ஆங்கிலேயர் வாயில் ‘கேஷ்’ ஆகி, சீனத்துச் செம்பின் மேல் போய் ஒட்டிக்கொண்டது! ‘மேஸ்’ சமஸ்கிருத ‘மாஷ’த்தின் வழி. அதன் பொருள் உளுந்து! ‘கேண்டரீன்’ மலாய் வழியாக வந்தது. கறுப்புப் பொட்டு வைத்த ஒரு சிவப்பு விதையின் பெயர் அது என்கிறார்கள். நம் பத்தர்கள் தங்கம் நிறுத்த குன்றிமணிதான்! சீனப் பேரரசின் வெள்ளியை உளுந்தும் குன்றிமணியும் காசும் எடை போட்டிருக்கின்றன. நம்ப முடிகிறதா?

அந்தச் செப்புக்காசையும் ஒரு நிமிடம் நிறுத்துப் பார்ப்போம். ஒரு லியாங் வெள்ளிக்குச் சட்டப்படி 1,000 செப்புக்காசு. ஆக ஒரு குளம்புக் கட்டிக்கு 50,000 காசு! எடை? சுமார் 200 கிலோ! ஒருவர் ஒரு கையில் தூக்கும் கட்டிக்குப் பதில் ஒரு மாட்டு வண்டி வேண்டும்!

காய்கறி வாங்கக் கட்டியை நீட்ட முடியாதே, என்ன செய்தார்கள்? வெட்டினார்கள்! கத்தரியும் உளியும் வைத்து வெள்ளியைத் துண்டு போட்டு, குட்டித் தராசில் நிறுத்துக் கொடுத்தார்கள். வயலின் பெட்டி போன்ற மரக்கூட்டுக்குள் மடங்கி உட்காரும் தராசு அது! அந்தத் தராசுகளை மட்டுமே தேடித் தேடிச் சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

துண்டு வெள்ளியை வரியாக வாங்கினால் உருக்கிப் பெரிய கட்டி ஆக்க வேண்டும். உருக்கும்போது கொஞ்சம் குறையும். அந்தக் குறையையும் குடிமக்கள் தலையிலேயே கட்டினார்கள். அந்த வரிக்குப் பெயர் ‘நெருப்புச் சேதாரம்’! நகைக்கடைச் சேதாரம் நினைவுக்கு வருகிறதா? அதிகாரிகள் அதை இஷ்டத்துக்கு ஏற்றினார்கள். யோங்செங் பேரரசர் பார்த்தார். 1724ல் அந்தச் சேதாரத்தையே அரசு வருமானமாக்கி, அதிலிருந்து அதிகாரிகளுக்குத் தனிப்படி கொடுத்தார். அந்தப் படிக்கு என்ன பெயர் தெரியுமா? ‘நேர்மையை ஊட்டி வளர்க்கும் வெள்ளி’! சம்பளத்தைவிடப் படி பல மடங்கு பெரிது!

திருடன் பயம் இல்லாமலா இருக்கும்? தெற்குச் சோங் காலத்தில் சாங் ஜூன் என்றொரு தளபதி. கொள்ளைப் பணக்காரர். வெள்ளியை எல்லாம் உருக்கி 1,000 லியாங் எடையுள்ள உருண்டைகளாக்கி வீட்டில் வைத்துக்கொண்டாராம். ஒவ்வொன்றும் 37 கிலோவுக்கு மேல்! திருடன் வந்தால் தூக்க முடியாது, உருட்டினால் சத்தம் கேட்கும்! அந்த உருண்டைகளுக்கு அவர் வைத்த பெயர்: ‘ஒன்றும் செய்ய முடியாது’! எட்டுநூறு வருடத்துக்கு முந்தைய பாதுகாப்புப் பெட்டகம்!

அவ்வளவு சாமர்த்தியம் இல்லாத ஒருவர் கதையும் சீனாவில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். 300 லியாங் வெள்ளியைத் தோட்டத்தில் புதைத்தார். யாராவது தோண்டிவிட்டால்? ‘இங்கே 300 லியாங் வெள்ளி இல்லை’ என்று எழுதி நட்டுவிட்டுத் தூங்கப் போனார்! பக்கத்து வீட்டுக்காரர் தோண்டிக்கொண்டு போனார். போகும்போது அவரும் எழுதி வைத்தார், தான் எடுக்கவில்லை என்று! இன்றைக்கும் ஒருவர் மறைக்கப் போய் மாட்டிக்கொண்டால் சீனர்கள் இந்த 300 லியாங்கைத்தான் சொல்லிக் காட்டுவார்கள்.

புதையல் என்றதும் மின் ஆறு நினைவுக்கு வராமல் போகுமா? சிச்சுவான் மாகாணம், ஜியாங்கோ என்ற இடம். 1646ல் சாங் சியன்சோங் என்ற கலகத் தலைவன் செங்டு நகரைக் காலி செய்து, கொள்ளையடித்த பொன்னையும் வெள்ளியையும் படகுகளில் ஏற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கினான். வழியில் எதிரிப் படை மறித்தது. படகுகள் எரிந்தன, மூழ்கின. வெள்ளி ஆற்றோடு போயிற்று! அதைக் கண்டுபிடிப்பவர் செங்டு நகரையே விலை பேசலாம் என்று தலைமுறை தலைமுறையாக ஊரில் ஒரு பாட்டு. கட்டுக்கதை என்று பலர் சிரித்தார்கள்.

2005ல் அங்கே கட்டுமான வேலைக்குத் தோண்டியவர்கள் கையில் ஒரு மரக்கட்டை சிக்கியது. சாதாரணக் கட்டை! உடைந்தது. உள்ளே? குடைந்த மரத்துக்குள் 7 வெள்ளிக்கட்டிகள்! மரத்தைப் பெட்டியாக்கி, வெள்ளியை அடைத்து, மூடிப் படகில் ஏற்றியிருக்கிறார்கள்! கதை நிஜமாகிவிட்டது. செய்தி பரவியதும் இரவோடு இரவாக முக்குளித்துத் திருடவும் ஆட்கள் வந்தார்கள், போலீசும் வந்தது. கடைசியில் தொல்லியல் துறை இறங்கியது. எப்படி? வறண்ட மாதங்களில் ஆற்றுக்குள்ளேயே தடுப்பு கட்டி, தண்ணீரை இறைத்து வெளியேற்றி, ஆற்றின் வயிற்றைத் தோண்டினார்கள்! 2017ன் முதல் சில மாதங்களில் மட்டும் கிடைத்த பொருள்கள் 30,000க்கு மேல்! வெள்ளிக்கட்டிகளில் பெயர்களைப் படித்தால் வரிசையாக ஊர்கள், மாகாணங்கள். எந்தக் குடியானவர் எந்த வருடம் கட்டிய வரியோ, 370 வருடம் கூழாங்கல்லுக்கு அடியில் படுத்திருந்து மேலே வந்திருக்கிறது!

வெள்ளியை விட்டு ஒரே ஒரு தங்கக்கட்டிக்குத் தாவ அனுமதி கொடுங்கள். 2001ல் ஹூபெய் மாகாணத்தில் மிங் வம்சத்து இளவரசர் ஒருவரின் கல்லறையைத் திறந்தார்கள். உள்ளே 50 லியாங் தங்கக்கட்டி, 1,937 கிராம்! அதில் என்ன வெட்டியிருந்தது தெரியுமா? 1419ல் ‘மேற்குக் கடல்’ பகுதிகளில் வாங்கியது என்று! மேற்குக் கடல் என்றால் சீனர்களுக்கு நம் இந்தியப் பெருங்கடல். மிங் பேரரசின் கடற்படைத் தளபதி செங் ஹோவின் கப்பல்கள் கொச்சி, கள்ளிக்கோட்டை, இலங்கை என்று சுற்றிய காலம் அது! அதே செங் ஹோ 1409ல் தேதியிட்டு இலங்கைக்குக் கொண்டுவந்த கல் ஒன்று 1911ல் காலி நகரில் கிடைத்தது. எங்கே? ஒரு சாக்கடைப் பாலத்தின் மூடுகல்லாக! சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழி! சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயினாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை. பொன் 1,000, வெள்ளி 5,000 என்று கணக்கும் இருக்கிறது! கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனால் தமிழ் எழுத்தைக் கண்ணாரப் பார்க்கலாம்.

சீனக் கட்டியில் இருக்கும் வெள்ளி சீன மண்ணில் தோண்டியதுதானா? அதுவும் நிச்சயமில்லை! ஜப்பானின் இவாமி சுரங்க வெள்ளி கடல் தாண்டி வந்தது. இன்றைய பொலிவியாவில் 1545ல் கண்டுபிடித்த பொத்தோசி மலையின் வெள்ளி மணிலா வழியாக வந்தது. வந்ததை எல்லாம் உருக்கிக் குளம்பாக்கினார்கள்! பிறகு அபினி வந்தது, அதற்கு விலையாக வெள்ளி வெளியே போனது. சைசியை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை, ஆனாலும் கள்ளத்தனமாகக் கப்பல் ஏறியது. கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகளில் உருகி ரூபாய் ஆனது! பாட்டியின் பெட்டியில் கிடக்கும் பழைய வெள்ளி ரூபாயில் ஒரு சீனக் கொல்லரின் வெள்ளி கலந்திருந்தால் ஆச்சரியமில்லை!

தண்டமாகவும் வெள்ளி போனது. 1895ல் ஜப்பானிடம் தோற்ற சீனா ஒப்புக்கொண்ட தண்டம் எவ்வளவு? 20 கோடி லியாங், லியாவ்டோங் தீபகற்பத்தைத் திரும்பப் பெற இன்னும் 3 கோடி! 1901ல், வெளிநாட்டாருக்கு எதிராக வெடித்த பாக்சர் கலவரத்துக்காக வல்லரசுகள் விதித்த தண்டம் 45 கோடி லியாங். ஏன் 45 கோடி? சீன மக்கள் தொகையை அப்போது அவ்வளவு என்று மதிப்பிட்டார்கள். தலைக்கு ஒரு லியாங்! பச்சைக் குழந்தைக்கும்! 50 லியாங் கட்டிகளாக அடுக்கினால் 90 லட்சம் குளம்பு. பத்து டன் லாரியில் ஏற்றினால் ஏறக்குறைய 1,700 லாரி! வட்டியோடு 39 வருடத் தவணை!

இவ்வளவு புழங்கிய கட்டிகள் எங்கே போயின? 1933 மார்ச் 10 அன்று ஷாங்காயில் லியாங் கணக்கை ஒழித்தார்கள். ஏப்ரல் 6 முதல் நாடு முழுக்க. 0.715 லியாங்குக்கு ஒரு வெள்ளி டாலர். அவ்வளவுதான்! பல நூறு வருடம் ஆண்ட குளம்புகள் உலைக்குப் போயின. 1935 நவம்பரில் காகிதப் பணம் வந்து வெள்ளியையே ஓரம் கட்டிவிட்டது. தப்பியது எல்லாம் புதைத்ததும், மறந்ததும், யாரோ ஆசையாக எடுத்து வைத்ததும்தான்! லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டிகள் இருக்கின்றன. ஜோ கிரிப் என்ற நாணயவியல் அறிஞர் ஒவ்வொன்றையும் படித்து 1992ல் ஒரு பட்டியல் நூலே போட்டார். யாரும் படிக்காத எத்தனை கொல்லர் பெயர்கள் அதில்! அவருக்கு ஒரு கும்பிடு!

குளம்பு செத்துவிட்டதா? எங்கே செத்தது! சீனப் புத்தாண்டில் வட சீனாவில் பிடிக்கும் கொழுக்கட்டை யுவான்பாவ் வடிவம்தான். தின்றால் வருடம் முழுக்கப் பணம்! சிங்கப்பூர், பினாங்கு பக்கம் ஏழாம் மாதத்தில் தெருவோரம் மூதாதையருக்குக் காகிதம் எரிப்பார்களே, பொன்னும் வெள்ளியுமாக மடித்த அந்தக் காகிதங்களைக் கூர்ந்து பாருங்கள். அதே குளம்பு!

கடைசியாக ஒன்று. சீனத் துறைமுக வங்கிகளில் வெள்ளியைத் தட்டிப் பார்த்து, ஓசை கேட்டு, நல்லது கெட்டது பிரித்தவருக்கு என்ன பெயர் தெரியுமா? ‘ஷ்ராஃப்’! அரபியில் ‘சர்ராஃப்’. அதுவே நம் ஊரில் சராப்பு! காசு மாற்றும் கடையைச் சராப்புக் கடை என்று நம் முன்னோர் சொன்னார்களே, அந்தச் சராப்பு இந்தியாவிலிருந்து கப்பலேறிச் சீனக் கரைக்குப் போனவர். சைசி மறைந்தது, நோட்டக்காரர் மறைந்தார், பெயர் மட்டும் போகவில்லை! இன்றைக்கு ஹாங்காங்கில் கார் நிறுத்தும் இடத்துக்குப் போங்கள். காசு கட்டும் ஜன்னலுக்கு மேலே கொட்டை எழுத்தில் ‘ஷ்ராஃப்’ என்று பலகை தொங்கும்!